அம்மாயியின் தாயாரைத் தோட்டப் பதிவுகளில் தேடுவது எப்படி?

ராகலைப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாயியைப் பெற்றவர், எனக்குப் பூட்டி முறையானவர், இலங்கையில் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து வாழ்ந்து அங்கேயே இறந்தவர். ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணியின் மனைவியோ தொழிற்சங்கத்தில் பேர் எடுத்தவரோ அல்லர் என்பதால், அவரைப் பற்றி எதையாவது எழுதி வைக்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. ஆறு பிள்ளைகளைப் பெற்று இரண்டைப் பறிகொடுத்தார் என்பதும், 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்த காமன் கூத்துச் சமயத்தில் இறந்தார் என்பதும், சிறு பிள்ளையாக இந்தியாவிலிருந்து வந்தபோது மண்டபம் முகாமில் தனக்கு அம்மைத் தடுப்பூசி குத்தியதைத் திரும்பத் திரும்பச் சொல்வார் என்பதும்தான் வீட்டில் எஞ்சியிருக்கும் செய்திகள். அவருடைய பெயரைப் பொதுவெளியில் இட வீட்டார் விரும்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் ஒரே பழைய காகிதம் அம்மாயியின் தம்பிக்கு 1943 இல் பதியப்பட்ட பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தாயின் பெயராகப் பூட்டியின் பெயரும், தகப்பன் பெயராகப் பூட்டன் பெயரும் உள்ளன. ஆனால் பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் பார்த்த நாளிலிருந்து என் அம்மா, கிளறியது போதும், விட்டுவிடு என்கிறார். பத்திரத்தில் உள்ள தோட்டத்தின் பெயரோ வீட்டில் வழங்கும் பெயரோடு பொருந்தவில்லை; நாங்கள் கீழ்க்கணக்கு என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இந்த இல்லை என்ற பதிலை எப்படிப் புரிந்துகொள்வது, தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கப்பல் ஏறியவர்களின் பாஸ் இருக்கும், அதைப் பார்த்தால் சொந்த ஊர் வரை தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அதற்கான பயணச் செலவு எங்களுக்குச் சிறியதன்று.

பழைய கிளாக்கர் எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் அம்மாவின் மனக்குறையைத் தீர்த்துவிடுவோம். தோட்டங்களில் அந்தக் காலத்துக் கலியாணம் கோயிலிலோ, லயம் எனப்படும் வரிசை வீடுகளின் வாசலிலோ, பந்தக்கால் நட்டுத் தாலி கட்டி நடந்ததே தவிர, பதிவாளர் முன்னிலையில் போய்க் கையெழுத்துப் போட்டவர்கள் மிகச் சிலர். பதிவுக் காகிதம் இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கு இல்லை என்று எழுதுவதே ஆபீஸ் வழக்கமாக இருந்தது. அந்த ஒற்றைச் சொல்லைக் கொண்டு உங்கள் பூட்டியின் குடும்ப வாழ்க்கையை அளக்கக் கூடாது. தகப்பன் பெயர் அதே பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அந்தக் காகிதம் எப்படி உருவாயிற்று என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். தோட்டத்தில் நடந்த பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு சட்டப்படி தோட்ட நிர்வாகியான துரைக்கு இருந்தது. நடைமுறையில் மருத்துவிச்சியோ கங்காணியோ ஆபீசுக்கு வந்து சொல்வார், எழுத்தரான கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதுவார், துரை கையெழுத்துப் போடுவார். பிள்ளை பெற்றவள் லயத்துக் காம்பராவில் படுத்திருக்க, அவளுடைய பெயரை வேறொருவர் சொல்லி இன்னொருவர் எழுதிய பதிவு அது. ஆகவே கருப்பாயி என்ற பெயர் ஒரு பிள்ளையின் பத்திரத்தில் கருப்பாயியாகவும், அடுத்த பிள்ளையின் பத்திரத்தில் கருப்பம்மாவாகவும், மற்றொன்றில் வெறும் கருப்பியாகவும் இருப்பது வெகு சாதாரணம். ஆங்கில எழுத்தில் அது கே என்ற எழுத்தில் தொடங்குகிறதா சி என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்பதுகூட அன்றைய கிளாக்கரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இனி எங்கே தொடங்குவது என்ற கேள்வி. என்னைக் கேட்டால், அவரை ஒருவரின் மகளாகவோ மனைவியாகவோ தேடாமல், ஒரு தாயாகவும் இறந்துபோனவராகவும் தேட வேண்டும் என்பேன். விவாகப் பதிவில் மணமக்களின் தகப்பன்மாருடைய பெயரும் தொழிலும்தான் கேட்கப்பட்டன, தாய்மார் பெயர் கேட்கப்படவில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் பெயர் இருந்தே ஆக வேண்டும். நமது நாட்டு இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இறந்தவரின் தகப்பன் பெயரும் தாயின் பெயரும் இரண்டு தனிக் கூண்டுகளாக, அதாவது நிரப்பும் கட்டங்களாக, இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் அம்மாயியின் இறப்புப் பத்திரம் வீட்டில் எங்காவது இருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதன்பின் பூட்டியின் இறப்புப் பதிவைத் தேடுங்கள். அது கிடைத்தால் அவருடைய தாயின் பெயரும் கிடைக்கக்கூடும், இறக்கும்போது என்ன வயது என்பதும் தெரியும்.

காமன் கூத்து மாசியில் நடப்பது. ஆகவே 1958 பெப்ரவரி, மார்ச் மாதங்களைக் குறித்து விண்ணப்பியுங்கள். திகதி சரியாகத் தெரியாவிட்டால், ஒரு காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்லி, அதற்குரிய கட்டணத்தோடு பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். புசல்லாவை நகரம் கண்டி மாவட்டத்தில் இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சில நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலைப் பக்கம் விழுகின்றன. உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்று உறுதி செய்யாமல் போனால், ஓர் அலுவலகத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், நீங்களும் பதிவே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பெயர்ப் பொருத்தமும் அப்படித்தான். ஆபீசில் ஒரு பெயர், நம் சனங்கள் வாயில் வேறொரு பெயர் என்பது ஏறக்குறைய எல்லாத் தோட்டத்துக்கும் உண்டு. பழைய துரையின் பெயரைச் சொல்லியே தோட்டத்தை அழைத்த இடங்களும் இருக்கின்றன. கீழ்க்கணக்கு என்பது தோட்டத்தின் பெயரன்று, தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனைக் குறிப்பது. அந்த வட்டாரத்தில் வயது போன ஒருவரிடம் இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆள் கிடைக்காவிட்டால், தோட்டங்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் துரைமாரையும் ஆண்டுவாரியாகப் பட்டியலிட்ட பெர்குசன் கைந்நூலைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம்.

தோட்ட ஆபீசில் கேட்பதையும் விட்டுவிட வேண்டாம். செக்ரோல் என்பது வேலைக்கு வந்த நாட்களைக் குறிக்கும் நீளமான ஏடு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதத்தின் நாட்கள் கட்டங்களாக இருக்கும், முழுநாள் வேலையான முழுப்பேரா, அரைநாளான அரைப்பேரா என்று அந்தந்த நாளில் குறிப்பார்கள். தொடர்ந்து சில வாரங்கள் ஒரு பெண்ணின் கட்டங்கள் வெறுமையாக இருந்தால், காய்ச்சலாக இருக்கலாம், ஊருக்குப் போயிருக்கலாம், பிள்ளைப்பேறாகவும் இருக்கலாம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கப் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, பிள்ளைப்பேற்றுக் காசு கொடுத்த கணக்கும் தோட்டங்களில் எழுதப்பட்டது. 1943 இல் பிறந்த அந்தத் தம்பிக்காக உங்கள் பூட்டியின் பெயர் அதில் ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போயின, 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பழைய ஏடுகள் இடம்பெயர்ந்தன. நான் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்தில் அவை ஸ்டோர் மாடியில் மூட்டையாகக் கிடந்தன. கறையான் தின்றது போக மிஞ்சியவற்றின் ஓரங்கள் கையில் எடுத்தவுடன் உதிர்ந்தன.

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தோட்ட ஆபீசுக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. எதைத் தேடுகிறோம் என்று ஆண்டும் பெயரும் குறிப்பிட முடியாமல் போனால், அங்கே இருப்பவர்கள் ஒரு முறை உதவுவார்கள், இரண்டாம் முறை கதவைத் திறக்க மாட்டார்கள். பதிவுப் பத்திரங்கள் கைக்கு வந்த பிறகு போனால் இன்ன ஆண்டு, இன்ன டிவிசன் என்று கேட்கலாம்.

சகோதரி, எழும்பூருக்கு இப்போது போக வேண்டாம். மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஒப்பந்தத்தின் கீழ் போனவர்கள் என்பதால், ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் எழுதிய பாஸ் இருந்தது. அவர்களின் வம்சத்தார் அதை வைத்துச் சொந்தக் கிராமத்தையே கண்டுபிடிக்கிறார்கள். இணையத்தில் அந்தக் கதைகளைப் படித்துவிட்டு நம்மவர்களும் அதே பாஸைத் தேடி ஏமாறுகிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கங்காணி முறையில், முன்பணக் கடனோடு, கூட்டமாக வந்தவர்கள். அந்த வகைப் பாஸ் அவர்களுக்கு எழுதப்படவில்லை. இங்கே வந்தபின் ஒருவரைத் தோட்டத்தோடு கட்டி வைத்தது, கடன் தீர்ந்தால்தான் கையில் கிடைக்கும் துண்டு என்ற சீட்டு. அந்தத் துண்டு முறையும் 1921 இல் ஒழிக்கப்பட்டுவிட்டது.

ஆனாலும் மண்டபத்தில் அம்மை குத்தியது பற்றிய அந்த வீட்டுப் பேச்சை அற்பமாக எண்ண வேண்டாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914 இல். அதன்பின்தான் மண்டபம் முகாம் நம் சனங்கள் வரும் பெருவழியாயிற்று. அதற்கு முந்திய தலைமுறையினர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழியாகவும், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தும் வந்தவர்கள். பயிற்சி பெறாத தொழிலாளர் இலங்கைக்குப் போவதை 1939 இல் இந்திய அரசு தடை செய்தது. ஆகவே ஊசி குத்தியது நினைவில் நிற்கும் வயதில், 1914 க்குப் பிறகு, பிள்ளைகள் பிறக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பு அவர் வந்திருக்க வேண்டும். இறப்புப் பத்திரத்தில் கிடைக்கும் வயதை இந்த வரம்புக்குள் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வயது என்பது ஆபீசில் உத்தேசமாக எழுதப்பட்டது என்பதால், ஐந்து வருடம் கூடக் குறைய வந்தால் பதற வேண்டாம்.

வேறு இரண்டு இடங்களையும் சொல்கிறேன். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, 21 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் வாக்காளர் பட்டியலான இடாப்பில் சேர்ந்தார்கள். இந்திய வம்சாவளியினர் வதிவிடத்தையோ ஐந்து வருடக் குடியிருப்பையோ காட்ட வேண்டியிருந்ததால் எல்லாருடைய பெயரும் ஏறவில்லை. ஏறியவர்களும் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு நீக்கப்பட்டார்கள். இடையில் வந்த 1947 பொதுத் தேர்தலில்தான் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அந்தக் காலத்து இடாப்பில் ஒரு கொழுந்துப் பெண்ணின் பெயர் தோட்டத்தின் பெயரோடு இருந்தால், அது யாருடைய தாயாகவும் மனைவியாகவும் இல்லாமல் அவருக்கென்றே எழுதப்பட்ட வரி. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மற்றது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம் இருந்தது. மணமானவர்கள் 1946 ஜனவரி 1 க்கு முந்திய ஏழு வருடமும், மற்றவர்கள் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அதற்காகச் செக்ரோல் பிரதி, துரையின் கடிதம், பாடசாலைச் சேர்வு விவரம் எல்லாவற்றையும் திரட்டினார்கள். பூட்டன் விண்ணப்பித்திருந்தால், பூட்டியின் பெயரும் வயது வராத பிள்ளைகளின் பெயர்களும் அதே விண்ணப்பத்தில் இருக்கும். அதன் துண்டுத் தாள்கள் இன்றும் பல வீடுகளில் தகரப்பெட்டிக்குள் கிடக்கின்றன.

உங்கள் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிந்திய படிவமாக இருந்தால், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா, பூட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று இரண்டு கூண்டுகள் இருக்கும். இரண்டும் தகப்பன் வழியை மட்டுமே கேட்கின்றன. அம்மாயியைப் பெற்றவளைப் பற்றி அங்கே ஓர் எழுத்தும் வராது. ஒரு குடும்பத்தில் ஆண்வழி நான்கு தலைமுறைக்குத் தெரிந்து, பெண்வழி இரண்டோடு நின்றுபோவதற்கு மறதியை விட இந்தப் படிவங்களே கூடுதல் காரணம் என்று நினைக்கிறேன்.

சொந்த ஊரைப் பொறுத்தவரை காகிதத்தை விட வாய்மொழியே துணை. குலதெய்வம் எது, எந்தச் சீமை என்று பேசிக்கொண்டார்கள், கூட வந்த கங்காணி எந்த ஊர் என்று கேளுங்கள். கங்காணிமார் பெரும்பாலும் தம் ஊரிலும் அயலூரிலுமிருந்தே ஆள் சேர்த்தார்கள். உங்கள் பூட்டியின் சாவுக்கு ஒப்பாரி வைத்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறந்த ஊரையும் கூடப் பிறந்தவர்களையும் சொல்லி அழுவது ஒப்பாரியின் வழக்கம், அதில் ஊர்ப்பெயர் தப்பிப் பிழைத்திருப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

கோத்தகிரித் தேயிலைக்காரன் எழுதியது:

நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். என் பெற்றோர் நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து குடியுரிமை பற்றி இரு நாடுகளும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தங்கையின் பதிவைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். 1943 இல் பிறந்த தம்பியின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் தனியாகப் பத்திரமாக இருக்கிறதென்றால், அது எதற்காகவோ எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தம்பியோ மற்ற உடன்பிறந்தவர்களோ இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள்.

1964 இல் செய்த அந்த ஒப்பந்தப்படி, இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்றும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் முடிவாயிற்று. அந்த மீதியை 1974 இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு கரைக்கும் பிரிந்தது அப்படித்தான். வந்தவர்களிடம் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தன, புனர்வாழ்வு உதவி கேட்கப் போன இடமெல்லாம் அட்டையைக் காட்ட வேண்டியிருந்ததால் எங்கள் வீடுகளில் அதை யாரும் தொலைத்ததில்லை. உங்கள் பூட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அட்டையில் அவர் பெயர் வராது. ஆனால் விண்ணப்பத்துக்காகத் திரட்டிய பழைய தாள்களும், சில வீடுகளில் ஒரு குடும்பப் படமும், வந்தவர்களோடு இந்தப் பக்கம் வந்துவிட்டன. கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கத்தில் உறவு யாராவது இருந்தால், நீங்கள் தேடும் காகிதம் அவர்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ராகலைப் பேத்தி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கிளாக்கர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் கலியாணமும் முதலில் கோயிலில் நடந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பதிவு செய்யப்பட்டது என்று அவரே சொன்னார். இப்போது தேடலுக்குத் தடை இல்லை.

அம்மாயியின் இறப்பு அத்தாட்சிப் பத்திரம் அலுமாரியில் இருந்தது. தாயின் பெயர் என்ற கூண்டு நிரப்பப்பட்டிருக்கிறது. ஆனால் 1943 பத்திரத்தில் ஆயி என்று முடியும் பெயர், இதில் அம்மாள் என்று முடிகிறது. முன்பாதி ஒன்றுதான். அம்மாயியின் மரணத்தை அறிவித்தவர் என் மூத்த மாமா. அவர் பூட்டியைப் பார்த்தவர் அல்லர். பூட்டியின் இறப்புப் பதிவுக்கு எந்தப் பெயரைக் கொடுத்து விண்ணப்பிப்பது? இரண்டும் ஒருவரே என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, அம்மாயியின் தங்கை ஒருவர் கூடலூருக்குப் போனதாக அம்மா சொல்கிறார். கடிதத் தொடர்பு நின்று வெகு காலமாயிற்றாம்.

பழைய கிளாக்கர் எழுதியது:

தங்கச்சி, பெயரின் வாலைப் பார்த்து மயங்க வேண்டாம், மற்றவை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தோட்டம், டிவிசன், கணவர் பெயர், பிள்ளைகள் பிறந்த ஒழுங்கு ஆகிய நான்கும் ஒத்துவந்தால் ஆள் ஒருவரே. மற்றப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளையும் எடுக்க முடிந்தால் எடுங்கள், இறந்துபோன இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிடாமல். சிறு பிள்ளையின் இறப்புப் பதிவிலும் தாயின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம், அந்தப் பதிவைத் தேடியவர் யாரும் உங்களுக்கு முன் இருந்திருக்க மாட்டார்.

விண்ணப்பத்தில் 1943 இல் உள்ளபடி ஒரு பெயரை எழுதி, மற்றப் பெயரையும் வேறு வழக்கு என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் டிவிசனையும் கட்டாயம் எழுதுங்கள். பதிவேட்டைப் புரட்டும் உத்தியோகத்தருக்கு ஆளின் பெயரை விட அதுதான் கண்ணில் படும். பழைய பத்திரங்களில் உள்ள பெயரைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டாம். சொத்து, ஓய்வூதியம் போன்ற சட்டத் தேவை எதுவும் உங்களுக்கு இல்லை. நாளைக்கு அப்படி ஒரு தேவை வந்தால், இரு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம்.

கூடலூர்த் தங்கையின் கணவர் பெயரையும், அவர்கள் இங்கே கடைசியாக இருந்த தோட்டத்தின் பெயரையும் அம்மாவிடம் கேட்டு, கோத்தகிரித் தம்பிக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஒரே தோட்டத்துச் சனங்கள் அந்தப் பக்கத்திலும் ஒருவரை ஒருவர் அறிந்தே இருப்பார்கள்.